தொட்டி துடைக்கும் மீனுக்கும் பசிக்கும்

சாய்ந்தமருதில் எங்கள் வளவின் பின்பக்கம் மூன்று சீமெந்துத் தொட்டிகளும் ஒரு கண்ணாடித் தொட்டியும் இருக்கின்றன. யுத்தத்தில் கணவரை இழந்த பிறகு வீட்டை விட்டு வெளிக்கிடாமல் செய்யக்கூடிய தொழிலாக நான் தேடிக்கொண்டது அலங்கார மீன் வளர்ப்பு. கப்பி, மொலி போன்றவற்றை வளர்க்கும் விதம் பல சகோதரிகளுக்குத் தெரிந்திருக்கும். இம்முறை ஒரேயொரு மீனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கடைக்காரர்கள் 'டேங்க் கிளீனர்' என்று விற்கும், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் அந்தக் கறுத்த மீன்தான் அது.

"அது ஊத்தையத் தின்டு சீவிக்கிற மீன் புள்ள, அதுக்கு வேற சாப்பாடு என்னத்துக்கு?" என்று என்னிடம் கேட்காத ராத்தாமார் குறைவு. அந்தப் பெயரே மீனுக்குச் செய்த அநியாயம் என்பேன். அது மற்ற மீன்களின் கழிவைத் தின்பதில்லை. அது தின்பது பாசியை. பாசி ஊத்தையல்ல, இலை கீரையைப் போல வெளிச்சத்தில் வளர்வது. இந்த மீனின் பூர்வீகம் தென்னமெரிக்க ஆறுகள். கல்லிலும் மரக்கட்டையிலும் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்று பழகியதால் அதன் குடல் மிக நீளமாக, சுருள் சுருளாக இருக்கும். மரக்கறி செமிப்பதற்கு ஏற்ற வயிறு அது.

வீட்டுத் தொட்டியில் இருக்கும் பாசி சில நாட்களிலேயே முடிந்துவிடும். பிறகு அது பட்டினிதான். ஆனால் பட்டினி கிடக்கும்போதும் கண்ணாடியில் அப்படியே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதனால் நமக்குத் தெரிவதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று அடிவயிற்றைப் பாருங்கள். வயிறு உள்ளே ஒட்டி, கண்ணும் குழி விழுந்திருந்தால் பல நாள் பசி என்று அர்த்தம். காசு கொடுத்து வாங்கிய மீன் "நோய் வந்து செத்தது" என்று சொல்லப்படும் பல இடங்களில் நடந்தது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

சாப்பாட்டுக்குத் தனிச் செலவு அதிகமில்லை. கறிக்கு வெட்டும்போது ஒரு துண்டை ஒதுக்கினால் போதும். கெக்கரிக்காய், பூசணி, பீர்க்கங்காய், கரட், பசளி, கங்குன் எல்லாம் தின்னும். கெக்கரியை ஆசையாகத் தின்றாலும் அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். பூசணியே உடம்பில் பிடிக்கும். கரட், பூசணி போன்ற கடினமானவற்றையும் கீரையையும் கொதிதண்ணீரில் ஓரிரு நிமிடம் போட்டு, பச்சைத் தண்ணீரில் ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். மெதுமையாகும், தாழவும் செய்யும். மிதந்தால் துருப்பிடிக்காத முள்ளுக்கரண்டியில் குத்தி அடியில் வையுங்கள். உப்பு, எண்ணெய், மசாலா பட்ட மிச்சக் கறி ஒருபோதும் வேண்டாம்.

இது இரவில் மேயும் மீன். நான் இஷாவுக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் போடுவேன். சுபஹுக்கு எழும்பியதும் மிச்சத்தை எடுத்துவிடுவேன். அழுகிய மரக்கறி தண்ணீரைக் கெடுத்தால் தொட்டியிலுள்ள எல்லா மீனுக்கும் ஆபத்து. வாரத்தில் மூன்று நாட்கள் மரக்கறி கொடுத்தால், மற்ற நாட்களில் தாழும் வில்லைத் தீன் கொஞ்சம் கொடுங்கள். மரக்கறியை மட்டும் தின்று வளரும் குஞ்சுக்குப் புரதம் போதாது.

பூச்சிமருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மனிதர் தின்றால் தெரியாத அளவு மருந்துகூட மீனைக் கொல்லக்கூடும். சந்தை மரக்கறியைத் தோல் சீவி, நன்றாகக் கழுவியே போட வேண்டும். வளவில் மருந்தடிக்காமல் வளர்ந்த பசளிக்கொடி இருந்தால் அதுவே மேல். தண்ணீரையும் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையோரக் கிணறுகளில் கடல்நீர் புகுந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். தண்ணீர் உவர்த்தால் மொலி தாங்கும். இது நன்னீர் மீன், அதற்கு ஒத்துவராது. குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் போக ஒருநாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

வாங்கும்போது இனத்தைக் கேட்டு வாங்குங்கள். விரல் நீளத்தில் விற்கும் சாதாரண இனம் ஒன்றரை அடி வரை வளரும். மூக்கில் மீசை முட்கள் உள்ள சின்ன இனம் அரை அடிக்குள் நின்றுவிடும். இது தொட்டியிலேயே இனம் பெருகும் என்பதால் நமக்கு வருமானமும் இதில்தான். ஒரு சிரட்டையில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தால் பெண் அதற்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டையைக் காத்து, செட்டையால் விசிறிக்கொண்டிருப்பது ஆண். (எங்கள் வீட்டுக்கு வரும் பெண்கள் இதைக் கேட்டால் சிரிக்காமல் போவதில்லை.) மஞ்சட்கரு வற்றிய குஞ்சுகளுக்கு முதலில் நான் வைப்பது அவித்த பூசணிதான்.

பெரிய இனத்தை வாங்கிவிட்டு, தொட்டி போதாமல் குளத்திலோ வாய்க்காலிலோ விடுவதுதான் பெரிய கேடு. கண்டிக்கு அருகே பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் இந்த மீன் பெருகியிருப்பதை 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது கரையைத் துளைத்து வளை தோண்டி முட்டையிடும். உடம்பெல்லாம் எலும்புத் தகடும் முள்ளும் என்பதால் வலையைக் கிழிக்கும். மெக்சிகோவின் இன்பியர்னில்லோ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடித்துப் பிழைத்தவர்களின் வலைகளில் இதுவே நிறைந்து தொழில் படுத்துவிட்டது. அங்கே இதற்குப் பெயர் 'பிசாசு மீன்'. நமது மாவட்டத்திலும் குளத்து மீனை நம்பி அடுப்பெரிக்கும் வீடுகள் உண்டு. வளர்ந்துவிட்ட மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுங்கள். என்னிடம் மீன் வாங்குவோரிடம் பணம் வாங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்.