அனிச்சை சொல்லும் செய்தி

ஏழு வயதுப் பேரன் கரும்பலகையைப் பார்த்து எழுதத் தடுமாறுகிறான், கையெழுத்தும் கோணலாக இருக்கிறது என்று பள்ளியில் கூறினார்கள். தியாகராய நகரில் ஒரு பயிற்சி மையத்துக்கு அழைத்துச் சென்றோம். 'பிறவி அனிச்சைச் செயல்கள் இன்னும் அடங்கவில்லை; ஓராண்டு அசைவுப் பயிற்சி தேவை' என்று கூறி, முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்டார்கள். மயிலாப்பூரில் எங்கள் குழந்தை மருத்துவரோ, முதலில் கண்களைப் பரிசோதிக்கச் சொன்னார். கிட்டப்பார்வை! கண்ணாடி அணிந்த சில வாரங்களில் தடுமாற்றம் குறைந்தது.

அதற்காக, அனிச்சைச் செயல் என்பதே கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. தலை திடீரெனப் பின்னே சரிந்தால் பச்சிளங்குழந்தை இரு கைகளையும் விரித்துப் பின் மார்போடு சேர்த்துக்கொள்ளும். ஆஸ்திரிய மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ 1918-இல் விவரித்ததால் இது மோரோ அனிச்சை எனப்படுகிறது. தலையை ஒருபுறம் திருப்பினால் அப்பக்கக் கை நீள்வதும் மறுபக்கக் கை மடங்குவதும் இன்னொன்று. மூளை வளர வளர, இவை பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கி, குழந்தை தானே விரும்பிச் செய்யும் அசைவுகளுக்கு வழிவிடுகின்றன. அடங்காமல் நீடித்தால், அது மூளை முடக்குவாதம் போன்ற குறைபாட்டின் அறிகுறியாக இருக்கலாம். காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாதந்தோறும் குழந்தையின் அசைவைக் கவனிப்பது நமக்குப் புதிதன்று. ஐந்தாம் மாதத்தில் கை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவதைச் செங்கீரை என்றும், ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவதைச் சப்பாணி என்றும் பருவம் வகுத்தது பிள்ளைத்தமிழ். இன்றைய அடுக்ககங்களில் குழந்தை தரையைத் தொடுவதே அரிதாகிவிட்டது. தவழத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும்போது, நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் படுக்கவைத்து விளையாட விட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். இதற்கு ஒரு பாய் போதும். சக்கரம் வைத்த வாக்கர் தேவையில்லை. கனடா அதை 2004-லேயே தடை செய்துவிட்டது.

பள்ளி வயதில் அசைவுப் பயிற்சி படிப்பை மேம்படுத்துமா? வட அயர்லாந்தில் வாசிப்பில் பின்தங்கிய 60 சிறார்களிடம் நடந்த ஓர் ஆய்வு நம்பிக்கை அளித்தது. 2000-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் அது வெளியானது. எனினும், எல்லாக் கற்றல் குறைபாடுகளுக்கும் இதுவே தீர்வு என்று விற்கும் அளவுக்கு வலுவான சான்றுகள் இன்னும் சேரவில்லை.

பொருளியலில் வாய்ப்புச் செலவு என்போம். இங்கே இழப்பது பணம் மட்டுமன்று. கண்ணாடி இல்லாமல் கழிந்திருக்கக்கூடிய ஓராண்டும்தான். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், பெற்றோரின் அச்சமே விலையை நிர்ணயிக்கிறது.

நம்பகமான வழிகள் இல்லாமல் இல்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய அமைப்பு, இன்று கோட்டூர்புரத்தில் 'வித்யாசாகர்' என்ற பெயரில் இயங்குகிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரை அரசு இலவசப் பரிசோதனை அளிக்கிறது.

முன்பணம் கட்டும் முன், கண், காது, நரம்பு ஆகிய மூன்றையும் மருத்துவர் பார்க்கட்டும். பயிற்சி தேவையெனில், இலக்கு என்ன, எத்தனை வாரத்தில் மதிப்பிடுவீர்கள் என்று கேட்போம். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பிள்ளையின் காலத்தை ஒப்படைக்க வேண்டாம்!