சொந்த வண்டியில் தொழில் ஓட்டமா? கிலோமீட்டரைக் குறிச்சு வைங்க!

காலையில் பெரம்பலூரில் கிளம்புகிறீர்கள். குன்னத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் பிரீமியம் பாக்கியைப் பற்றிப் பேச வேண்டும். அரியலூரில் ஒருவருக்கு கிளெய்ம் படிவம் எழுதித் தர வேண்டும். ஜெயங்கொண்டத்தில் புது பாலிசி ஒன்று. ராத்திரி வீடு திரும்பும்போது மீட்டரில் நூறு கிலோமீட்டருக்கு மேல் கூடியிருக்கும். பெரம்பலூரும் அரியலூரும் 2007 நவம்பர் வரை ஒரே மாவட்டம்தான். மாவட்டம் பிரிந்தாலும் தொழில் பிரியவில்லை. இன்ஷூரன்ஸ் முகவர், விதை, உரக் கம்பெனிகளின் கமிஷன் ஏஜென்ட், சின்ன வெங்காய வியாபாரி என்று பலருக்கும் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள சுமார் 30 கிலோமீட்டர் அன்றாடப் பாதை.

இந்த ஓட்டத்துக்கு ஆகும் பெட்ரோல், சர்வீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் உங்கள் கைக்காசு. வருமான வரிக் கணக்கில் இதைச் செலவாகக் காட்டலாமா? காட்டலாம். ஆனால் எல்லோரும் காட்ட முடியாது, முழுத் தொகையையும் காட்ட முடியாது. எழுதி வைக்காதவர் கேட்டால் நிலைக்காது.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நம்ம ஊரில் இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அமெரிக்காவில் தொழிலுக்காக ஓட்டிய ஒவ்வொரு மைலுக்கும் இவ்வளவு என்று வரித்துறையே ஒரு தொகையை அறிவிக்கும். 2025-க்கு அது மைலுக்கு 70 சென்ட். பிரிட்டனில் காருக்கு முதல் 10,000 மைல் வரை மைலுக்கு 45 பென்ஸ். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் சொன்னார், வீடியோவில் பார்த்தேன் என்று சிலர் அதே முறையை இங்கேயும் போட்டுப் பார்க்கிறார்கள்.

நம் வருமான வரிச் சட்டத்தில் அப்படி ஒரு நிலையான தொகை கிடையாது. இங்கே உள்ள முறை வேறு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 37, தொழிலுக்காகவே செய்த செலவைக் கழிக்க அனுமதிக்கிறது. ஒரு பொருள் தொழிலுக்கும் சொந்த உபயோகத்துக்கும் சேர்ந்து பயன்பட்டால், தொழிலுக்குப் பயன்பட்ட பங்கு மட்டுமே கழிவாகும் என்கிறது பிரிவு 38. அந்தப் பங்கு எவ்வளவு என்று காட்டுவதற்குத்தான் கிலோமீட்டர் கணக்கு வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. இந்தக் கட்டுரையில் உள்ள எண்களும் விகிதங்களும் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை.

யார் கேட்கலாம்?

*கமிஷன் வாங்குபவர்கள்:* இன்ஷூரன்ஸ் முகவர்கள், கமிஷன் ஏஜென்ட்கள் நேரடியாகக் கேட்கலாம். கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி என்ற தோராய வருமான முறை பொருந்தாது. எனவே வரவு, செலவு எழுதி ஐடிஆர்-3 படிவத்தில் காட்ட வேண்டும். வண்டிச் செலவு அதில் ஓர் இனமாக வரும்.

*கடைக்காரர், வியாபாரி:* 44ஏடி முறையில் கணக்குக் கொடுத்தால், விற்றுமுதலில் 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும். வங்கி, யுபிஐ வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம். ஆனால் பெட்ரோல், தேய்மானம் எல்லாமே அந்தக் கணக்குக்குள் அடங்கிவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. தனியாக மறுபடி கழிக்க முடியாது. டாக்டர், வக்கீல், இன்ஜினீயர் போன்றோருக்கான 44ஏடிஏ முறையிலும் இதே கதைதான். வரவில் பாதி லாபம், மீதிப் பாதியில் எல்லாச் செலவும் அடக்கம். வண்டிச் செலவு அதிகம் என்பதற்காக 44ஏடி-யை விட்டு வெளியே வந்தால், அடுத்த ஐந்து ஆண்டுக்கு அதற்குள் திரும்ப முடியாது. ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

*லாரி உரிமையாளர்:* அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் ஏற்றும் லாரிகள் அதிகம். பத்து சரக்கு வண்டி வரை வைத்திருப்பவர்களுக்கு 44ஏஇ முறை இருக்கிறது. வண்டியின் மொத்த எடை 12 டன்னுக்கு மேல் என்றால், டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று கணக்கு. 28 டன் டிப்பருக்கு மாதம் 28,000 ரூபாய். 12 டன் வரையிலான சிறிய வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய். இதிலும் டீசல் பில்லைத் தனியாகக் கழிக்க வழியில்லை. வண்டி சும்மா நின்ற மாதமும் கணக்கில் வரும்.

*சம்பளக்காரர்கள்:* வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போய்வரும் பெட்ரோல் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. அதற்கு முன்பு இருந்த போக்குவரத்துப் படிச் சலுகை, மாற்றுத்திறனாளிகளைத் தவிர மற்றவர்களுக்கு 2018-19 முதல் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் நிலையான கழிவு. இப்போது புதிய வரி முறையில் 75,000 ரூபாய், பழைய முறையில் 50,000 ரூபாய்.

அலுவலக வேலைக்காக உங்கள் காரில் அலைகிறீர்கள், நிறுவனம் அந்தச் செலவைத் தருகிறது என்றால் கதை வேறு. சொந்த உபயோகமும் கலந்திருந்தால், 1.6 லிட்டர் வரை எஞ்சின் உள்ள காருக்கு மாதம் 1,800 ரூபாயும், அதற்கு மேற்பட்ட காருக்கு 2,400 ரூபாயும், இரு சக்கர வண்டிக்கு 900 ரூபாயும் அலுவலகச் செலவாக ஏற்கப்படும். மிச்சம் சம்பளத்தோடு சேரும். அதற்கு மேல் உண்மையாகவே செலவானது என்றால் காட்ட வழி உண்டு. ஆனால் பயணத் தேதி, போன இடம், ஓடிய தூரம், ஆன செலவு நான்கும் உள்ள பதிவும் நிறுவனத்தின் சான்றும் வேண்டும்.

*விவசாயி:* சொந்த நிலத்து மக்காச்சோளத்தையோ பருத்தியையோ விற்று வரும் வருமானத்துக்கே வருமான வரி இல்லை. மார்க்கெட்டுக்குப் போன வண்டிச் செலவை வேறு வருமானத்தில் கழிக்கவும் கூடாது.

கணக்கு எப்படிப் போடுவது?

பெரம்பலூரில் ஒரு முகவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கமிஷன் 13,20,000 ரூபாய். வேறு வருமானம் இல்லை, காரைத் தவிர வேறு செலவும் இல்லை.

படி 1: ஏப்ரல் 1 காலையில் மீட்டர் 41,300. அடுத்த மார்ச் 31 இரவில் 59,300. மொத்தம் ஓடியது 18,000 கிலோமீட்டர்.

படி 2: லாக் புக்கில் தொழிலுக்காகப் பதிந்தது 10,800 கிலோமீட்டர். அதாவது 60 சதவீதம்.

படி 3: ஆண்டுச் செலவு. பெட்ரோல் 1,14,000, சர்வீஸும் டயரும் 20,000, இன்ஷூரன்ஸ் 16,000. கூட்டினால் 1,50,000 ரூபாய்.

படி 4: தேய்மானம். ஆண்டுத் தொடக்கத்தில் கணக்குப்படி காரின் மதிப்பு 6,00,000. காருக்குத் தேய்மானம் 15 சதவீதம் என்பதால் 90,000 ரூபாய்.

படி 5: இரண்டும் சேர்ந்து 2,40,000. இதில் 60 சதவீதம், அதாவது 1,44,000 ரூபாய்தான் கழிவு.

இப்போது வித்தியாசத்தைப் பாருங்கள். செலவைக் காட்டாவிட்டால் 13,20,000 ரூபாய்க்கு, புதிய முறையில் 2025-26-க்கான வரி செஸ்ஸோடு சேர்த்து 81,120 ரூபாய். செலவைக் கழித்தால் வருமானம் 11,76,000. 12 லட்சத்துக்குள் வந்துவிடுவதால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம். ஒரு நோட்டுப் புத்தகம் எண்பதாயிரத்தைக் காப்பாற்றுகிறது! தொழில் செலவு என்பதால் இந்தக் கழிவு புதிய, பழைய முறை இரண்டிலும் உண்டு.

வருமானம் குறைவு, எனக்கு எப்படியும் வரி வராதே என்கிறீர்களா? கமிஷனில் டிடிஎஸ் பிடித்திருந்தால், கணக்குத் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்ப வரும். அதற்கும் வரவு செலவு சரியாக இருக்க வேண்டும். இரு சக்கர வண்டிக்கும் இதே ஐந்து படிதான்.

இன்னும் சில விஷயங்கள்:

- வண்டி வாங்கி அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகத் தொழிலுக்குப் பயன்பட்டிருந்தால் தேய்மானம் பாதிதான். அக்டோபர் முதல் சில நாட்களுக்குப் பிறகு வாங்கிய வண்டி இதில் சிக்கும்.
- கார் லோனில் வட்டிப் பகுதி மட்டும்தான் செலவு, அதுவும் தொழில் விகிதத்துக்கு ஏற்ப. இஎம்ஐ முழுவதையும் கழிக்கக் கூடாது.
- ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு ஏற்கப்படாது. டயர் மாற்றும்போது, பெரிய சர்வீஸ் செய்யும்போது யுபிஐ-யில் கட்டுங்கள்.
- வீட்டிலிருந்து கடைக்குத் தினமும் போய்வரும் தூரத்தைச் சொந்த ஓட்டமாகவே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

போனிலேயே லாக் புக்

இதற்குத் தனி ஆப் தேவையில்லை. கையில் இருக்கும் போன் போதும்.

ஏப்ரல் 1 அன்று ஓடோமீட்டரை போட்டோ எடுங்கள். மார்ச் 31 அன்று இன்னொன்று. மாதக் கடைசியிலும் ஒன்று எடுத்தால் இன்னும் நல்லது.

தினமும் ஒரு வரி எழுதுங்கள். தேதி, எங்கிருந்து எங்கே, எதற்காக, தொடக்க மீட்டர், முடிவு மீட்டர். 'குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம். பாலிசி வேலை. 41,300 முதல் 41,432 வரை.' இவ்வளவுதான். போனில் ஷீட் திறந்து எழுதலாம், நோட்டில் எழுதியும் போட்டோ எடுக்கலாம். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போனதை மறைக்க வேண்டாம். அதெல்லாம் இருந்தால்தான் கணக்கு நம்பும்படி இருக்கும்.

பெட்ரோல் பங்க் ரசீதின் மை சில மாதத்தில் அழிந்துவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து, மாதம் வாரியாக ஒரு ஃபோல்டரில் போடுங்கள். திருச்சிப் பக்கம் போனால் சமயபுரம், சென்னைப் பக்கம் போனால் திருமாந்துறை சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பிடித்த விவரம், நீங்கள் அந்த வழியாகப் போனதற்கு நல்ல சாட்சி. ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டை டவுன்லோடு செய்து வையுங்கள்.

ஆர்சி, இன்ஷூரன்ஸ் விவரங்கள் எம்பரிவாகன், டிஜிலாக்கர் ஆப்களில் கிடைக்கும். டிஎன் 46 ஆனாலும் டிஎன் 61 ஆனாலும் வண்டி யார் பேரில், என்று பதிவானது என்பது அதில் தெரியும். வண்டி உங்கள் பேரில் இல்லாவிட்டால் தேய்மானம் கேட்கும் முன் ஆடிட்டரிடம் பேசுங்கள்.

கணக்குக் கொடுக்கும் முன் வருமான வரித் துறையின் ஏஐஎஸ் ஆப்பைத் திறந்து, உங்களுக்கு வந்த கமிஷனும் பிடித்த டிடிஎஸ்ஸும் சரியா என்று பாருங்கள். வரவைக் குறைத்துக் காட்டிவிட்டுச் செலவை மட்டும் கேட்டால் அங்கேயே மாட்டும்.

'அடிச்சு விடலாம்' என்று யாராவது சொன்னால்

'எல்லாரும் எண்பது பர்சென்ட் போடுறாங்க, நீங்களும் போடுங்க' என்று ரிட்டர்ன் போட்டுத் தருபவர் சொல்லலாம். கையெழுத்தும் பொறுப்பும் உங்களுடையது. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக முடிவானால், அந்தத் தொகைக்கு உரிய வரியில் 50 சதவீதம் அபராதம். பொய்யான செலவு, பொய்யான பதிவு என்று வந்தால் 200 சதவீதம். வரியும் வட்டியும் தனி. முன்பு தவறாகக் கொடுத்த கணக்கு உறுத்துகிறதா? கூடுதல் வரி கட்டி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுக்குள் புதுப்பித்த ரிட்டர்ன் கொடுக்க வழி இருக்கிறது.

லாக் புக், பில், போட்டோ எல்லாவற்றையும் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஆறு ஆண்டு வரை வைத்திருங்கள். போன் தொலைந்தாலும் போகாதபடி இன்னொரு இடத்தில் நகல் இருக்கட்டும். கணக்குத் தாக்கலில் சந்தேகம் வந்தால், வருமான வரித் துறையின் கட்டணமில்லா எண் 1800 103 0025.

இந்த ஆண்டு பாதி போய்விட்டதே என்று விட்டுவிடாதீர்கள். எழுதாத நாட்களை மனதில் இருந்து இட்டுக்கட்ட வேண்டாம். பில்லும் ஃபாஸ்டேக்கும் சொல்லும் அளவுக்கு மட்டும் பழசைக் காட்டுங்கள். இன்றைக்கு வண்டியை எடுக்கும் முன் மீட்டரை ஒரு போட்டோ எடுங்கள், கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும்.