கண்ணுக்குத் தெரியாத தீக்காயம்

விமானம் தரையிறங்கும்போது சக்கரங்கள் வழியே வரும் பாரத்தை வாங்கிக்கொள்வது லேண்டிங் கியரில் உள்ள எஃகு உருளை. பளபளவென்று குரோம் முலாம் பூசியிருக்கும். ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கழற்றி, பழைய குரோமை உரித்து, அரிப்பு ஏறிய எஃகை அரைத்தெடுத்து, புது முலாம் ஏற்றி, மறுபடியும் அளவுக்கு அரைக்கிறார்கள். இரண்டு முறையும் அரைப்பவர் கிரைண்டிங் மெஷினிஸ்ட். தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். அதைவிடக் குறைந்த இடைவெளிக்குள் அவர் அளவைப் பிடிக்க வேண்டும்.

அளவுகூடக் கைக்குப் பழகிவிடும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு 10 டிகிரி சூடேறினால் 11, 12 மைக்ரான் பருத்துவிடும். அதனால் ஜாப், அதாவது அரைக்கப்படும் உருளை, ஆறும்வரை காத்திருந்துதான் மைக்ரோமீட்டரை வைப்பார். ஆனால் சூடு செய்யும் பெரிய கேடு வேறு.

சாணைக்கல்லில் உள்ள கூரிய மணிகள் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய சீவலைச் செதுக்கி எடுக்கின்றன. மழுங்கிவிட்டால் செதுக்காமல் தேய்க்கும். தேய்க்கிற இடம் கண நேரத்தில் 800 டிகிரியைத் தாண்டிவிடலாம். அடியிலிருக்கும் குளிர்ந்த எஃகு அந்தச் சூட்டை உடனே இழுத்துக்கொள்வதால், மேல்தோல் மட்டும் கடினமான, எளிதில் நொறுங்கும் மார்ட்டென்சைட் என்ற எஃகு வடிவமாக மாறிவிடும். சுற்றியுள்ள பகுதியோ பதம் இழந்து மென்மையாகியிருக்கும். மேலே குரோம் மின்னிக்கொண்டிருக்க, விரிசல் அங்கேதான் பிறக்கும்.

துளையிடும் வேலையிலும் இதே ஆபத்து உண்டு. 1996 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் பென்சகோலாவில், புறப்பட ஓடிய எம்.டி.-88 விமானத்தின் இடது என்ஜினில் விசிறியைத் தாங்கும் டைட்டானிய மையப்பகுதி உடைந்தது. துண்டுகள் கேபினுக்குள் பாய்ந்து இருவர் இறந்தார்கள். தயாரிப்பின்போது போட்ட ஒரு துளையின் சுவரில் உலோகத்தின் அமைப்பே மாறியிருந்தது. விரிசல் தொடங்கியது அங்கிருந்துதான்.

முலாம் ஏற்றுமுன் எஃகை நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த நைட்டல் கரைசலில் நனைத்துப் பார்ப்பார்கள். நல்ல எஃகு சீரான சாம்பல் நிறம் காட்டும். பதம் இழந்த இடம் கருக்கும். மறுபடி இறுகிய இடம் வெளுத்து நிற்கும். குரோம் மூடிய பிறகு அமிலத்துக்கு வேலையில்லை. அப்போது கைகொடுப்பது ஜெர்மன் இயற்பியலர் ஹைன்ரிச் பார்க்ஹாசன் 1919இல் கண்டறிந்த விளைவு. இரும்பைக் காந்தமேற்றும்போது அதனுள்ளிருக்கும் சிறு காந்த மண்டலங்கள் ஒரே சீராகத் திரும்புவதில்லை. தடைபட்டுத் தடைபட்டுத் தாவுகின்றன. ஒவ்வொரு தாவலையும் ஒலியாக மாற்றிக் கேட்கலாம். சூடுபட்ட எஃகு எழுப்பும் இரைச்சலே வேறு. குரோமைச் சுரண்டாமல், அதன் அடியிலுள்ள காயத்தைக் கேட்டே கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் பெரிய வியப்பு.

காயம் படாமல் காப்பதுதான் மெஷினிஸ்டின் திறமை. கல்லைப் பொருத்துமுன், பானை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டுவார். கணீரென்று ஒலித்தால் விரிசல் இல்லை. வைர முனையால் அடிக்கடி டிரெஸ்ஸிங் செய்து மணிகளைக் கூராக்குவார். கல்லும் ஜாப்பும் தொடும் இடத்திலேயே கூலன்ட் விழும்படி குழாயைத் திருப்பிவைப்பார். கடைசி மைக்ரான்களில் அவசரமே காட்டமாட்டார். அப்படியும் காயம் பட்டுவிட்டால், அதை மெல்ல அரைத்தெடுக்க அளவில் இடமிருந்தால் உருளை பிழைக்கும். விட்டம் அனுமதித்த எல்லைக்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு விலை உயர்ந்த உருளையானாலும் பழைய இரும்புக்குத்தான் போகும்.