நைட் டூட்டி மருமகளுக்குப் பகலில் ஒரு ராத்திரி

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஒரு தாயார் கேட்டிருந்தார். "என் மகனுக்கு ஒரு நர்ஸ் பெண்ணின் ஜாதகம் வந்திருக்கிறது. பொருத்தமெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் மாதத்தில் பத்து நாள் நைட் டூட்டியாம். அந்தப் பெண்ணின் உடம்பு தாங்குமா? எடுக்கலாமா, வேண்டாமா?" என்று. படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஏற்காட்டுக்காரி. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னாலும் நைட் பார்த்தேன், இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் பார்க்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் அம்மா... தாராளமாக எடுங்கள். ஆனால் அவள் உடம்பு தாங்குமா என்று கேட்பதற்கு முன்னால், நைட் முடித்து அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் அந்தக் காலை எட்டு மணிக்கு உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கிறது தெரியுமா? வந்தவள் முகம் கழுவுவதற்குள் பிள்ளையின் டிபன் பாக்ஸ் காத்திருக்கும். பாத்திரம், துணி, மத்தியானச் சமையல் என்று முடித்துப் படுக்கப் பதினொன்றாகிவிடும். பதினொன்றரைக்கு கேஸ் சிலிண்டர்காரர் பெல் அடிப்பார். ஒரு மணிக்கு நாத்தனார் போன் பண்ணி, "தூங்குறியா? சும்மாதான் கூப்பிட்டேன்" என்பார். மூன்றரைக்குப் பிள்ளைகள் வந்துவிடும். மூன்று துண்டாக மூன்று மணி நேரத் தூக்கம்! இதே வீட்டில் ஆண்பிள்ளை மில்லிலோ ஃபேக்டரியிலோ நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால், "உஷ்... அப்பா தூங்குறார்" என்று டி.வி.யைக் குறைப்போம், மிக்ஸியைத் தள்ளிப் போடுவோம். பொம்பளை வந்தால் மட்டும், "வந்துட்டியா? அந்த அடுப்பைக் கொஞ்சம் பாரு."

உடம்பை வருத்துவது ராத்திரி விழிப்பு மட்டும் இல்லை, பகலில் தூக்கம் கிடைக்காததும்தான். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். இருட்டினால் மெலடோனின் என்ற சுரப்பு கூடித் தூக்கம் வருகிறது. விடியற்காலை மூன்று, நான்கு மணிவாக்கில் உடம்புச் சூடு ரொம்பவும் இறங்கிவிடும். வார்டில் எங்களுக்குக் குளிரெடுப்பதும், கை தடுமாறுவதும் அந்த நேரத்தில்தான். அப்புறம் வெயில் கண்ணில் பட்டதும் கடிகாரம் "விடிஞ்சாச்சு, எழுந்திரு" என்கிறது. பாவம், அவள் அப்போதுதான் படுக்கப் போகிறாள். அதனால்தான் பகல் தூக்கம் எப்போதும் ராத்திரித் தூக்கத்தை விடக் குறைந்துபோகிறது. அதையும் துண்டு போட்டால் என்ன மிஞ்சும்?

எங்கள் ஊர் சேர்வராயன் கோயிலுக்கு வந்திருக்கிறீர்களா? 5,300 அடி உயரத்துக்கு மேலே, மலை உச்சியில் இருக்கிற குகைக் கோயில். சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ளே இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைவாழ் ஜனங்கள் ஊர் ஊராகத் திரண்டு வருவார்கள். வெளியே மொட்டை வெயில், கண் கூசும். உள்ளே போனால் விளக்கு வெளிச்சம்தான். ஒருமுறை மூன்று நைட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு நாங்கள் நாலைந்து சிஸ்டர்கள் போயிருந்தோம். கும்பிட்டு முடித்ததும் ஒருத்தி, "இங்கேயே ஒரு பாய் போட்டா சாயங்காலம் வரைக்கும் தூங்குவேன்டி" என்றாள். பூசாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் கேட்டது நியாயம். அந்த இருட்டும் அமைதியும்தான் நைட் பார்க்கிறவளுக்குப் பகலில் வேண்டியது.

குகை என்றதும் இன்னொன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். உடம்புக் கடிகாரத்தைப் பற்றியே ஆராய்ந்தவர். அவரும் அவரோடு இருந்தவர்களும் மதுரைப் பக்கத்துக் குகை ஒன்றில் வௌவால்களை வைத்துப் பார்த்த ஆராய்ச்சி 1981-ல் வெளிவந்தது. கும்மிருட்டுக் குகையில் சில வௌவால்களைக் கூண்டில் வைத்தார்கள். அவற்றுக்குச் சூரியன் உதிப்பதும் தெரியாது, மறைவதும் தெரியாது. ஆனாலும் குகையில் மற்ற வௌவால்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய்த் திரும்புவதை வைத்தே, கூண்டில் இருந்தவையும் நேரம் தவறாமல் இருந்தனவாம். கூட்டம் இல்லாதபோது அவற்றின் கணக்கு நாளுக்கு நாள் நகர்ந்துபோனதாம்.

இதைப் படித்தபோது எனக்கு நம் வீடுகள்தான் ஞாபகம் வந்தன. நைட் பார்த்தவள் அறைக்குள் படுத்திருந்தாலும், குக்கர் விசில், கோலமாவுக்காரர் குரல், பிள்ளையின் ஷூ சத்தம் எல்லாம் சேர்ந்து, "கூட்டம் கிளம்பிடுச்சு, நீயும் வா" என்று இழுக்கின்றன. அவளால் தனியாக எதிர்த்து நிற்க முடியாது. வீட்டார் சேர்ந்து ஒத்துழைத்தால்தான் உண்டு.

என் மாமியார் அதைச் செய்தார். படிப்பில்லாதவர், காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். நான் வந்த புதிதில் பவானி ஜமுக்காளத்தை ஜன்னலில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, "மூணு மணி வரைக்கும் யாரும் கதவைத் தட்டப்படாது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். அந்த ஆணி இன்றும் இருக்கிறது. கெட்டியான கறுப்புத் திரை வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். இல்லாவிட்டால் ஜமுக்காளமே போதும். மின்விசிறியை ஓடவிட்டால் தெருச் சத்தம் கொஞ்சம் அமுங்கும். போனை வேறு அறையில், மாமியாரிடமே கொடுத்துவிட வேண்டும். அவசரமானால் அவர் எழுப்பட்டும்.

சாப்பாட்டு விஷயம். டூட்டிக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட வேண்டும். நடுராத்திரிக்கு மேல் இட்லியோ, மோர் சாதமோ, ஒரு வாழைப்பழமோ போதும். இரண்டு மணிக்குப் பரோட்டாவும் பிரியாணியும் வரவழைத்துச் சாப்பிடும் சின்னப் பெண்களைப் பார்க்கிறேன், காலையில் நெஞ்செரிச்சல் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். காபி விஷயத்தில் நான் கண்டிப்பு. காபி விளைகிற மலையில் பிறந்தவள் நான், காபியை விடச் சொல்லமாட்டேன்! ஆனால் குடித்த காபியின் வீரியம் பாதியாகவே கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். எட்டரைக்குப் படுக்க வேண்டுமானால் கடைசி காபி இரண்டு மணிக்கு. அதற்கு மேல் வெந்நீர்தான். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டு டூட்டிக்குப் போனால் முதல் நைட்டின் பாரம் பாதி குறையும். தூக்க மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நைட் வாரத்தில் எந்த நேரத்தில் போடுவது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பற்றி எழுதாவிட்டால் என் மனசு ஆறாது. எங்களோடு வேலை பார்த்த ஒரு சிஸ்டர், தொடர்ந்து நான்காவது நைட் முடித்து ஸ்கூட்டியில் மலை ஏறினாள். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கண் ஒரு நொடி சொருகியிருக்கிறது, வண்டி கைப்பிடிச் சுவரில் மோதிவிட்டது. கழுத்தெலும்பு முறிவோடு தப்பித்தது சேர்வராயன் புண்ணியம். நைட் முடித்துப் பஸ்ஸில் வரலாம், வீட்டுக்காரர் வந்து கூட்டிப் போகலாம். தூக்கக் கண்ணோடு ஹேண்டில்பாரைப் பிடிக்க வேண்டாம். பஸ்ஸில் வருகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், காலை வெயில் கண்ணில் படாமல் இருந்தால் வீட்டில் தூக்கம் சீக்கிரம் வரும். "பெரிய ஸ்டைல்தான்" என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

அம்மா, பயம் காட்ட எழுதவில்லை, ஆனால் மறைக்கவும் கூடாது. பல வருடம் நைட் பார்ப்பது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2007-ல் சொன்னது, 2019-லும் அதையே சொன்னது. நைட் பார்க்கிற எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. மார்பகப் பரிசோதனை, சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றைத் தள்ளிப் போடக் கூடாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு முன்பின் ஆனால், "நைட் டூட்டிதானே" என்று விட்டுவிடாமல் காட்டுங்கள். மாசமாக இருக்கும்போது நைட் பார்க்கலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டம், ராத்திரி 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை பெண்களை ஃபேக்டரியில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆஸ்பத்திரி ஃபேக்டரி இல்லையே! அதனால் நர்ஸுகளை அந்தத் தடை காப்பாற்றவில்லை. 2000-ம் வருடம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியபோது பல நிபந்தனைகள் போட்டது. பகல் ஷிப்டிலிருந்து நைட்டுக்கு மாற்றும்போதும், நைட்டிலிருந்து பகலுக்கு மாற்றும்போதும் நடுவில் தொடர்ந்து 12 மணி நேரமாவது ஓய்வு இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நல்ல வார்த்தை. ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஏழு மணி நேரம் அடுப்படியில் போனால் எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

பெண் பார்க்கப் போகும்போது கேளுங்கள்... பத்து நைட்டும் ஒரே மூச்சிலா, மூன்று மூன்றாகவா? முடிந்ததும் லீவு உண்டா? போக வர பஸ்ஸா, வண்டியா? அந்தப் பெண் வெட்கப்படமாட்டாள், நாங்கள் யாரும் வெட்கப்படமாட்டோம். வீட்டுக்குத் திரும்பியதும், காலை வெயில் விழாத அறை எது என்று பார்த்து, ஜன்னலுக்கு மேலே இரண்டு ஆணி அடித்து வையுங்கள்.

— ஒரு வாசகி, ஏற்காடு