பச்சைப் பாக்கெட் சொல்லும் பாடம்

கடலூரிலோ சிதம்பரத்திலோ விடியற்காலையில் பால் பூத் முன்னால் சற்று நேரம் நின்று பாருங்கள். ‘ரெண்டு பச்சை, ஒரு நீலம்’ என்றுதான் கேட்பார்கள். ‘நிலைப்படுத்திய பால் கொடுங்கள்’ என்று கேட்பவர் அரிது. ஆவினில் நீலம் என்றால் 3 சதவிகிதக் கொழுப்பு, பச்சை என்றால் 4.5, ஆரஞ்சு என்றால் 6. உறையில் பொடி எழுத்தில் உள்ள இந்தக் கணக்கைப் படிக்காதவர்கூட நிறத்தைப் பார்த்துச் சரியாக வாங்கிப் போகிறார். எல்லாப் பாக்கெட்டிலும் பெயர் ஒன்றே. தரத்தைச் சொல்வது நிறம்.

2023 நவம்பரில் பச்சையை நிறுத்திவிட்டு, 3.5 சதவிகிதக் கொழுப்புள்ள ஊதா பாக்கெட்டைத் தரப்போவதாகச் செய்தி வந்ததும் கிளம்பிய எதிர்ப்பு பலருக்கு நினைவிருக்கும். மக்கள் பழகிவிட்ட நிறத்தை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

இப்போது பண்ருட்டிக்கு வருவோம். சாலையோர முந்திரிக் கடைகளில் பெரும்பாலும் ஒரே மாதிரி கண்ணாடி உறை, ஒரே மாதிரி ‘பண்ருட்டி முந்திரி’ ஸ்டிக்கர். பருப்பு நன்றாக இருந்தது என்று திரும்ப வருபவருக்கு, போன முறை வாங்கியது யாருடைய சரக்கு என்றே தெரியாது. நல்ல சரக்கு கொடுத்தவருக்குக் கிடைக்க வேண்டிய அடுத்த வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறது. டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் எழுதினாலும், அது ஒரு பவுண்டு எடைக்கு நிற்கும் பருப்பின் எண்ணிக்கை என்பது வீட்டுக்கு வாங்குபவருக்குப் புரியாது. எண் குறைந்தால் பருப்பு பெரிது. ஆவின் வழியில், ஒரே சின்னம் வைத்துக்கொண்டு பெரிய முழுப் பருப்புக்கு ஒரு நிறம், சிறிய முழுப் பருப்புக்கு ஒன்று, உடைசலுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. பருப்பு தெரியும்படி சன்னல் வைக்கும் உறைக்கு அடர்நீலம், அடர்பச்சை போன்ற நிறங்கள் நல்லது. அவற்றின் பக்கத்தில் பருப்பு இன்னும் வெளுப்பாகத் தெரியும்.

சின்னம் என்றதும் சிதம்பரம் பக்கம் முதலில் கைபோவது கோபுரத்துக்கு. இல்லாவிட்டால் ஏர் பிடித்த உழவர், இரண்டு இலை, உதிக்கும் சூரியன். (கடைசி இரண்டையும் வைத்தால் அரிசி வாங்குபவர் கட்சியைத் தேடுவார்!) எல்லோரும் வைப்பதை வைத்தால் அது உங்கள் அடையாளம் ஆகாது. வரைந்த படத்தை ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுருக்கி, கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துப் பத்தடி தள்ளி ஒட்டிப் பாருங்கள். கோபுரத்தின் சிலைகளெல்லாம் ஒரே மையாகத் தெரியும். கோடு குறைந்த படமே நிற்கும்.

பெயரிலும் கவனம் வேண்டும். ‘பண்ருட்டி முந்திரி’ என்பது ஊரையும் பொருளையும் மட்டுமே சொல்கிறது. 1999-ம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 9-வது பிரிவு அப்படிப்பட்ட பெயரை ஒருவர் தனக்கென்று பதிவதைத் தடுக்கிறது. தனிப்பெயர் ஒன்று சேர வேண்டும். பதப்படுத்திய முந்திரிப் பருப்பு 29-வது வகுப்பில் வரும், அரிசி 30-ல், பறித்த பலாப்பழம் 31-ல். வகுப்புக்கு ஒரு கட்டணம். இணையவழியில் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். நமக்கான பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது.

நிறத்தோடு பதிவதா, கருப்பு வெள்ளையிலா? 10-வது பிரிவின்படி, நிற வரம்பு இல்லாமல் பதிந்த சின்னம் எல்லா நிறத்துக்கும் பதிந்ததாகவே கருதப்படும். தரத்துக்கு ஒரு நிறம் வைக்க நினைப்பவர் கருப்பு வெள்ளையில் பதிவதே லாபம்.

அச்சுச் செலவும் நிறத்தைப் பொறுத்ததே. சுருள் உறையில் அச்சடித்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் செய்ய வேண்டும்; குறைந்தபட்ச ஆர்டரும் பெரிது. ஆரம்பத்தில் வெற்று உறை வாங்கி, இரண்டு நிற ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். வெயிலில் தொங்கும் உறையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும் என்பதால், பெயரைக் கருப்பிலோ நீலத்திலோ அச்சிடுங்கள். பச்சை உறை எடுத்தால் சைவக் குறியான பச்சை வட்டம் அதில் மறைந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் விட்டு, அதன்மேல் குறியை அச்சிடச் சொல்லுங்கள்.