கிளைடருக்கு கைடில் விடை இல்லை

ஊசல் சோதனையில் கடைசியாக 9.8 வரணும்னு மாணவர்களுக்கு முன்னாடியே தெரியும். அதனால் பல ரெக்கார்டு நோட்டுகளில் விடையில் ஆரம்பித்து அளவீடுகளைப் பின்னோக்கி எழுதிவிடுவார்கள். ஆனால் பசங்களே அட்டையில் வெட்டி ஒட்டிய கிளைடர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எந்த கைடிலும் விடை கிடையாது. அளவெடுக்கப் பழக்க நான் கிளைடரைச் சிபாரிசு செய்வது இதனால்தான்.

மரக்காணம் பக்கம் தட்டையான வெளிக்குக் குறைவில்லை. உப்பளப் பாத்திகளில் மட்டும் கால் வைக்க வேண்டாம், அது பலரோட பிழைப்பு. பள்ளி மைதானமே போதும். மூக்கில் ஜெம் கிளிப் மாட்டிய ஒரு கிளைடர், டேப், ஸ்டாப்வாட்ச். தரையில் நின்றும் பெஞ்சு, ஏணி மேல் ஏறியும், ஒவ்வொரு உயரத்திலிருந்தும் பத்து முறை ஒரே மாதிரி எறியணும். உயரம், தூரம், பறந்த நேரம், அப்போது மணி என்ன, எல்லாம் நோட்டில் ஏறணும். மூக்குக் குத்தி விழுந்ததும் சேர்த்துத்தான். "சார், இது சரியா போகல, அடிச்சிடலாமா?" என்று கேட்பார்கள். அடிக்கக் கூடாது, ஏன் விழுந்தது என்று பக்கத்தில் குறிக்கலாம்.

இனி வரைபடம். தூரத்தை உயரத்தால் வகுத்தால் போதாதா? 1 மீட்டர் உயரத்திலிருந்து 9 மீட்டரும், 2 மீட்டரிலிருந்து 14 மீட்டரும் போனதாக வைத்துக்கொள்வோம். வகுத்தால் ஒரு இடத்தில் 9, இன்னொரு இடத்தில் 7. எது சரி? இரண்டுமே இல்லை. எக்ஸ் அச்சில் உயரம், ஒய் அச்சில் தூரம் வைத்துக் கோடு போட்டால் சாய்வு 5 வரும். கிளைடரின் உண்மையான சறுக்கு விகிதம் ஏறக்குறைய அதுதான். கோடு ஒய் அச்சை வெட்டும் அந்த 4 மீட்டர், கை கூடுதலாகக் கொடுத்த வேகம். சாய்வு கிளைடரோடது, வெட்டுத்துண்டு எறிந்தவனோடது. வகுத்தல் இரண்டையும் கலந்துவிடுகிறது.

அப்புறம் காற்று. வெயில் ஏறினால் கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாகி, கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். வினாடிக்கு 4 மீட்டர் வேகக் கிளைடர் 2 மீட்டர் எதிர்காற்றில் பாதி தூரம்தான் போகும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் ஒன்றரை மடங்கு. காற்று சீராக இருந்தால் பறக்கும் நேரம் மட்டும் மாறாது. அதனால் காற்றை நோக்கி ஒன்று, காற்றோடு ஒன்று என ஜோடியாக எறிந்து சராசரி எடுக்கணும். காலை 7 மணிப் புள்ளிகளை நீலத்திலும் 11 மணிப் புள்ளிகளைச் சிவப்பிலும் வைத்தால், கடற்காற்று தாளிலேயே தெரியும்.

ரைட் சகோதரர்கள் கிளைடர் விட்டதும் கிட்டி ஹாக் என்ற காற்றடிக்கும் மணல் கடற்கரையில்தான். 1901-ல் அவர்களுடைய கிளைடருக்குக் கணக்கில் வந்த தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. அவர்கள் நோட்டைத் திருத்தவில்லை, கணக்கைச் சந்தேகப்பட்டார்கள். நூறாண்டுக்கும் மேலாகப் புழங்கிய 0.005 என்ற காற்றழுத்த மாறிலி, அவர்கள் கணக்கில் சுமார் 0.0033 என்று வந்தது. ஊர் திரும்பி, சொந்தமாகக் காற்றுச் சுரங்கம் கட்டி, சுமார் 200 இறக்கை மாதிரிகளைச் சோதித்தார்கள். 1902 கிளைடர் அந்தப் புது எண்களை வைத்துத்தான் பிறந்தது.