அரசாங்கத்துக்குப் பொருள் வழங்கும் சிறு தொழிலர்

அரசாங்கத்துக்குப் பொருள் விற்பது பெருமுதலாளிகளுக்கே இயலும் என்னும் எண்ணம், பிற மாநிலங்களில் தொழில் நடத்தும் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. மும்பைத் தாராவியில் தோல் பை தைக்கும் ஒரு தமிழரை எண்ணிப் பார்ப்போம். ஒப்பந்தம் பெற்றவர் வேறொருவராகவும், அவருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர் இவராகவும் இருந்தால், உழைப்பு இவருடையது. விலை கூறும் உரிமை மற்றவருடையது. அவ்வுரிமையை இவரே பெறுவதற்கு வழியுண்டு.

மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை, பின்னர் திருத்தப்பெற்றவாறு, அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடமிருந்து பெற வேண்டும் என்கிறது. துடைப்பம், வாளி, தோல் பை முதலிய 358 பொருள்கள் இத்தொழில்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன.

இவ்வாணையில் நாம் மிகவும் கருதத்தக்கது விலை பற்றிய விதியாகும். இவ்வாறு ஒதுக்கப்படாத பொருள் ஒன்றுக்கு ஒரு பெரிய நிறுவனம் 100 ரூபாய் என மிகக் குறைந்த விலை கூறுகிறது. நாம் 112 ரூபாய் கூறியிருக்கிறோம் என்று கொள்வோம். நமது விலை அதனினும் 15 விழுக்காட்டுக்கு மேற்படாமையால், 100 ரூபாய்க்கு இறங்கி வர நாம் இசைந்தால், மொத்தத் தேவையில் 25 விழுக்காடு வரை வழங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டும். எனினும் அந்த 100 ரூபாய் நமக்குக் கட்டுபடியாகுமா என்பதை முன்னரே கணக்கிட்டு வைத்திருத்தல் வேண்டும். நட்டத்துக்கு வாங்கிய ஒப்பந்தத்தால் பயனில்லை.

இச்சலுகைகளுக்கு 'உத்யம்' பதிவு தேவை. 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள இப்பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தரகரை நாட வேண்டியதில்லை. ஆயின் பொருளை உற்பத்தி செய்பவருக்கும் சேவை புரிபவருக்குமே கொள்முதல் சலுகை உண்டு. வாங்கி விற்கும் வணிகர், பதிவு பெற்றிருந்தாலும், இதற்கு உரியவரல்லர். பதிவு பெற்றபின், 2016-இல் தொடங்கிய 'ஜெம்' என்னும் அரசு மின்சந்தையில் விற்பனையாளராகச் சேரலாம். மாநில அரசுகளின் கொள்முதலுக்கு அந்தந்த மாநில விதிகளைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தப்புள்ளியுடன் செலுத்தும் முன்வைப்புத் தொகையிலிருந்து நமக்கு விலக்குண்டு. ஒப்பந்தம் கிடைத்தபின் கட்டும் பிணையத் தொகைக்குப் பொதுவாக விலக்கில்லை. பலர் இங்கேதான் இடறுகின்றனர். ஆவணத்தில் 'ஷல்' என்று வந்தால் கட்டாயம். 'மே' என்று வந்தால் அதிகாரியின் விருப்பம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், இவ்விரு சிறு சொற்களையும் இருமுறை படிக்காமல் விடுவதில்லை.

பணம் தாமதமாகுமே என்ற அச்சம் நியாயமானதே. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எவ்வாறு எழுதியிருப்பினும், பொருளை ஏற்றுக்கொண்டவர் 45 நாட்களுக்கு மேல் தவணை கொள்ளலாகாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப் போல் மும்மடங்கு வீதத்தில், மாதந்தோறும் கூட்டுவட்டி தர வேண்டும். இதற்கான முறையீட்டைக் கேட்பது வசதியாக்க மன்றம். வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், வழங்கியவரின் தொழில் நடக்கும் இடத்து மன்றமே அதனை விசாரிக்கலாம். ஆகவே தாராவித் தொழிலர் டில்லிக்கு அலைய வேண்டியதில்லை. பொருளைப் பெற்றுக்கொண்டதற்கு நாளிட்டுக் கையொப்பமிட்ட சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.